விலை அட்டை: ரியாக்ட்டா, வெப் காம்பொனென்ட்டா?

மதுரை புரோகிராமர் சந்திப்பில் இரண்டு மணி நேரப் பயிற்சிக்கு ஒரே உதாரணம் போதும்: மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கான மல்லி விலை அட்டை. எதில் கட்டுவது?

ரியாக்ட், 2013இல் வெளிவந்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. அதன் ஸ்டேட்டில் (அட்டை நினைவில் வைத்திருக்கும் தரவில்) விலையை மாற்றினால் திரை தானாக மாறும். வேலை தேடுவோருக்கும் அது கைகொடுக்கும். ஆனால் வழக்கமாக நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) நிறுவி, பேக்கேஜ்களை இறக்க வேண்டும். எல்லோரும் ஒரே வைஃபையில் இறக்கினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். வீட்டிலேயே நிறுவி வரச் சொல்லுங்கள்.

நாமே புது எச்டிஎம்எல் டேக் உருவாக்கும் வசதியான வெப் காம்பொனென்ட் பிரவுசரிலேயே இருக்கிறது. ஒரு எச்டிஎம்எல் ஃபைல் போதும். இடறும் இடங்கள் வேறு. டேக் பெயரில் ஹைஃபன் இல்லையென்றால் பதிவே ஆகாது. டேக்கில் எழுதும் அட்ரிபியூட் எப்போதும் வெறும் எழுத்துச் சரம்தான். விலைப் பட்டியலை அப்படியே தர, ஜாவாஸ்கிரிப்ட்டில் ப்ராப்பர்ட்டியாகத் தர வேண்டும். பலரும் திணறுவது இதில்: எந்த அட்ரிபியூட்டின் மாற்றத்தைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் ‘அப்சர்வ்ட்அட்ரிபியூட்ஸ்’ பட்டியலில் பெயர் சேர்க்காவிட்டால் விலை மாறியும் அட்டை பழையதையே காட்டும், எரரும் வராது. ஷேடோ டாமுக்குள் (காம்பொனென்ட்டின் தனித்த உட்பகுதிக்குள்) பக்கத்தின் சிஎஸ்எஸ் விதிகள் நுழையாது. நிறங்களை சிஎஸ்எஸ் வேரியபிளாக அனுப்புங்கள், அவை உள்ளே போகும்.

முதல் சந்திப்புக்கு வெப் காம்பொனென்ட்தான் சரி. காம்பொனென்ட் எப்படிப் பிறக்கிறது, மாறுகிறது, நீங்குகிறது என்பது கண்ணெதிரே தெரியும். பல திரைகள் ஒரே தரவைப் பகிரும் செயலிக்கு ரியாக்ட். 2024இல் வந்த ரியாக்ட் 19இல் அதே வெப் காம்பொனென்ட் அட்டையை அப்படியே பொருத்தலாம்.