பழைய ஈட்டன் எம்45: குறைந்த செலவில் பொருத்திய சூப்பர்சார்ஜரோடு 14 மாதங்கள்

மினி கூப்பர் எஸ் காரிலிருந்து கழற்றப்பட்ட பழைய ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் (பெல்ட்டால் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) ஒன்றை, முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் இன்ஜினில் பொருத்தி 14 மாதங்களாக ஓட்டி வருகிறேன். குறைந்த செலவில் சூப்பர்சார்ஜர் பொருத்த நினைப்பவருக்கு இந்த எம்45 மிக நல்ல தேர்வு. ஆனால் குறைந்த செலவு என்பது சூப்பர்சார்ஜருக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். நான் செலவழித்த மொத்தத் தொகையை நூறு பங்காக வைத்தால், சூப்பர்சார்ஜருக்குப் போனது ஏறத்தாழ 20 பங்குதான். மீதி எல்லாம் பிராக்கெட் (சூப்பர்சார்ஜரைத் தாங்கும் தகடு), பெல்ட், இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் முனை), ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), டியூனிங் என்று போயிற்று. இந்தக் கணக்கை முன்கூட்டியே போடாதவர்கள்தான் பாதி வேலையில் காரை ஓரமாக நிறுத்திவிடுகிறார்கள்.

பழைய பொருள்களில் ஏன் எம்45 என்பதற்குக் காரணம் அதன் அளவு. ஈட்டனின் இந்த வரிசையில் எம் என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண், ஒரு சுற்றுக்கு அது தள்ளும் காற்றைக் கன அங்குலத்தில் குறிக்கிறது. எம்45 ஒரு சுற்றுக்கு சுமார் 0.74 லிட்டரும், எம்62 சுமார் 1 லிட்டரும், எம்90 ஏறத்தாழ 1.5 லிட்டரும் தள்ளும். எம்90 பியூக்கின் 3.8 லிட்டர் வி6 போன்ற பெரிய இன்ஜின்களுக்கு வந்தது, அதை 1.6 லிட்டரில் மாட்டினால் மிக மெதுவாகச் சுழற்ற வேண்டியிருக்கும், இன்ஜின் அறையில் இடமும் போதாது. மினி கூப்பர் எஸ் 2002 முதல் 2006 வரை இதே 1.6 லிட்டர் அளவு இன்ஜினில் எம்45-ஐப் பயன்படுத்தியதால், என் காருக்கு அளவு சரியாக இருக்குமா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. டொயோட்டாவின் எஸ்சி12-ம் நல்ல பொருள். மின்காந்த கிளட்ச் இருப்பதால் தேவையில்லாதபோது விலக்கிவிடலாம் என்ற வசதியும் அதற்கு உண்டு. நல்ல நிலையில் ஒன்று எனக்குக் கிடைக்காததால் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. மலிவு விலையில் 'மின்சார சூப்பர்சார்ஜர்' என்ற பெயரில் விற்கப்படும் சிறு விசிறிகளை யாரும் வாங்க வேண்டாம். 1.6 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் வினாடிக்கு 70 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றை 0.4 பார் அளவுக்கு (வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலாக) அழுத்தி அனுப்ப ஏறத்தாழ 5 கிலோவாட் ஆற்றல் தேவை. 12 வோல்ட் மின்சாரத்தில் அது 400 ஆம்பியரைத் தாண்டும். இரண்டு மெல்லிய கம்பிகளோடு வரும் ஒரு விசிறியால் அதைத் தர இயலாது. அது காற்றின் பாதையில் ஒரு தடையாகத்தான் நிற்கும். இதே கணக்கு, பெல்ட்டால் ஓடும் சூப்பர்சார்ஜர் கிராங்க் ஷாஃப்டிலிருந்து எவ்வளவு ஆற்றலைப் பிடுங்குகிறது என்பதையும் காட்டுகிறது. பெல்ட்டையும் பிராக்கெட்டையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வாங்கும்போது கையால் பார்க்க வேண்டியவை சில உள்ளன. கப்பியை (பெல்ட் ஓடும் சக்கரம்) சுற்றினால் எங்கும் பிடிக்காமல் சீராகச் சுழல வேண்டும். தண்டை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. காற்று நுழையும் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தால் ரோட்டர்களின் (காற்றைத் தள்ளும் சுழலிகள்) பூச்சு உரியாமல் இருக்க வேண்டும். உள்ளே எண்ணெய் வழிந்திருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். எனக்கு விற்றவர் எண்ணெய் நிரம்பியிருப்பதாக உறுதியாகச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து திருகாணியைத் திறந்தபோது, கறுத்துத் தடித்த சில துளிகள்தான் சொட்டின, நாற்றம் மூக்கைத் துளைத்தது. இந்தச் சூப்பர்சார்ஜர் இன்ஜின் எண்ணெயைப் பயன்படுத்துவதில்லை; பற்சக்கரங்களுக்கென்று தனியாக அடைக்கப்பட்ட எண்ணெய்தான் அதன் உயிர். எனவே யார் என்ன சொன்னாலும், பொருத்துவதற்கு முன் பழைய எண்ணெயை வடித்துவிட்டுச் சூப்பர்சார்ஜருக்கு உரிய எண்ணெயையே ஊற்றுங்கள். மினியின் எம்45 வாங்குபவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அந்தக் காரில் தண்ணீர் பம்ப்பைச் சூப்பர்சார்ஜரின் பின்பக்கம்தான் இயக்குகிறது. வேறு காரில் அந்த இயக்கம் தேவையில்லாததால், அதைக் கழற்றிவிட்டு ஒரு மூடித் தகடு செய்து அடைக்க வேண்டியிருந்தது. லேத் பட்டறையில் அரை நாள் வேலைதான் என்றாலும், இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

இனி பிராக்கெட். இந்த வேலையின் முழு வெற்றியும் அதில்தான் இருக்கிறது. என் காரில் ஏ.சி. கம்ப்ரசரும் பவர் ஸ்டீயரிங் பம்ப்பும் முன்பே கழற்றப்பட்டிருந்ததால், அவற்றைத் தாங்கிய போல்ட் துளைகளையே பயன்படுத்த முடிந்தது. முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு ஒட்டுப்பலகையில் வெட்டி இன்ஜினோடு வைத்துப் பார்த்து, பொருந்துகிறது என்று தெரிந்தபின்தான் உலோகத்துக்குப் போனேன். ஆனாலும் செலவை மிச்சப்படுத்த 6 மி.மீ. இரும்புத் தகட்டில் செய்யச் சொன்னது என் தவறு. பட்டறைக்காரரும் அதுவே போதும் என்றார். முதல் வாரம் எல்லாம் நன்றாகவே இருந்தது. இரண்டாம் வாரம், சுமார் 5,000 சுற்றில் ஒரு கீச்சென்ற ஒலி கேட்டது, அதைத் தொடர்ந்து பெல்ட் கழன்று விழுந்தது. பானட்டைத் திறந்து பார்த்தால், அதன் உள்பக்கம் முழுவதும் கரித்தூள் அப்பியதுபோல ரப்பர் பொடி. பெல்ட்டின் ஓர வரி ஒன்று நூல்நூலாகப் பிரிந்து தொங்கியது.

பொதுவாக இதற்குப் பெல்ட் தளர்வாக இருந்ததைக் காரணமாகச் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்னும் இறுக்கிக் கட்டியதும் நிலைமை மோசமானது. பிறகு நேர்விளிம்புள்ள அலுமினியப் பட்டை ஒன்றை இரண்டு கப்பிகளின் முகப்பிலும் வைத்துப் பார்த்தபோது, பெல்ட் தளர்வாக இருந்தபோது சரியாக இருந்த நேர்கோடு, பெல்ட்டை இறுக்க இறுக்க விலகுவது கண்ணுக்குத் தெரிந்தது. தகடு வளைந்துகொண்டிருந்தது. பல வரிகள் கொண்ட இந்த வகைப் பெல்ட்டில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 3.56 மி.மீ. மட்டுமே, கப்பிகள் சிறிது சாய்ந்தாலும் வரிகள் பள்ளத்திலிருந்து ஏறத் தொடங்கிவிடும். 12 மி.மீ. அலுமினியத் தகட்டில் பிராக்கெட்டை மறுபடி செய்து, அதன் மேல் முனையிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு ஒரு தாங்குதண்டையும் கொடுத்த பிறகு, இன்றுவரை அந்த ஒலி கேட்கவில்லை. அதோடு, சிறிய கப்பியை பெல்ட் பாதிச் சுற்றளவாவது தழுவும்படி ஓர் ஐட்லரையும் (பெல்ட்டை வளைத்துவிடும் துணைக் கப்பி) சுருள்வில் வைத்த டென்ஷனரையும் (பெல்ட்டை இறுக்கமாக வைத்திருப்பது) சேர்த்தேன். முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் ஒரு பிராக்கெட்டின் செலவும் இரண்டு பெல்ட்டுகளும் மிச்சமாகியிருக்கும்.

இதே கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1991-ன் நடுப்பகுதி வரை வந்த எம்எக்ஸ்-5 கார்களில் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டையானது. கப்பியைப் பிடித்திருக்கும் சாவி தளர்ந்து முனையே பாழாகும் குறை அவற்றுக்கு உண்டு. அத்தகைய இன்ஜினில் இன்னொரு பெல்ட்டின் இழுவையைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். என்னுடையது அதற்குப் பிந்தையது.

கப்பிகளின் அளவில் பேராசை கூடாது. கிராங்க் ஷாஃப்டில் 130 மி.மீ., சூப்பர்சார்ஜரில் 90 மி.மீ. என்று வைத்ததால் விகிதம் 1.44 ஆகிறது, இன்ஜின் 7,000 சுற்றில் ஓடும்போது சூப்பர்சார்ஜர் ஏறத்தாழ 10,000 சுற்றில் ஓடும். இதில் எனக்குக் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.4 பார். இந்த இன்ஜினின் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) 9.4; இது கூடக் கூட, சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தை இன்ஜின் தாங்கும் அளவு குறையும். சூப்பர்சார்ஜருக்கென்றே வடிவமைக்கப்பட்ட டொயோட்டாவின் முதல் 4ஏ-ஜிஇசட்இ இன்ஜினில் அது 8.0 மட்டுமே. இன்ஜினைத் திறக்காமல், பிஸ்டன்களை மாற்றாமல் வேலையை முடிக்க வேண்டுமென்றால் 0.4 பாரோடு நின்றுவிடுவதே அறிவுடைமை.

த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரால் திறக்கும் காற்றுக் கதவு) சூப்பர்சார்ஜருக்கு முன்னால் வைத்து, மினியின் பைபாஸ் வால்வையும் சேர்த்துப் பொருத்தியிருக்கிறேன். ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் மெனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்த் தொகுதி) உண்டாகும் வேக்கம் (வெற்றிட உறிஞ்சல்) அந்த வால்வைத் திறந்து, காற்றை மறுபடி சூப்பர்சார்ஜரின் வாய்க்கே திருப்பிவிடுகிறது. நெரிசலில் மெதுவாகப் போகும்போது காற்று வீணாகச் சூடேறாமல் இருப்பதற்கும் எரிபொருள் செலவு பெரிதாக ஏறாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். சிலர் பைபாஸ் இல்லாமலே பொருத்துகிறார்கள். அது தவறான சிக்கனம்.

எரிபொருள் பக்கத்தில் மிச்சம் பிடிக்க இடமே இல்லை. அதிகக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகாவிட்டால் நாக்கிங் (சிலிண்டரில் கலவை தானாகவே வெடித்தெரிவது) வரும். அழுத்தத்தில் வரும் நாக்கிங் சில வினாடிகளில் பிஸ்டனின் வளையப் பள்ளத்தையே உடைத்துவிடும். இன்ஜினில் 155 குதிரைத்திறனை இலக்காக வைத்து, இன்ஜெக்டர் 85 விழுக்காட்டுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று கணக்கிட்டால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு சுமார் 280 மி.லி. தர வேண்டும், நான் அதைவிடச் சற்றுப் பெரியவற்றைப் போட்டேன். இந்தக் காரின் பழைய காற்று அளவி ஒரு கதவு அசைந்து அளப்பது. அதை எடுத்துவிட்டு, மெனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் மெகாஸ்குர்ட் ஈசியூவுக்கு மாறினேன். சொந்தமாகச் சால்டரிங் செய்யத் தெரிந்தால், குறைந்த செலவில் இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் (வெளியேறும் புகையை வைத்துக் காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டுவது) இல்லாமல் மட்டும் யாரும் அழுத்தத்தில் ஓட்ட வேண்டாம். முழு ஆக்ஸிலரேட்டரில் காற்று-எரிபொருள் விகிதத்தை 11.5-க்கும் 12-க்கும் இடையில் வைத்திருக்கிறேன். இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரம்), ஒவ்வொரு பிஎஸ்ஐ (சுமார் 0.07 பார்) அழுத்தத்துக்கும் ஏறத்தாழ ஒரு பாகை பின்தள்ளித் தொடங்கி, டைனோவில் (குதிரைத்திறனை அளக்கும் கருவி) சிறிது சிறிதாகச் சரிசெய்தோம். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகை (வெப்பத்தை விரைவாக வெளியேற்றுவது), இடைவெளியை 1.1 மி.மீ.யிலிருந்து 0.8 மி.மீ.க்குக் குறைத்த பிறகே உயர் சுற்றில் இருந்த தடுமாற்றம் நின்றது.

டியூனிங் செய்தவரைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். முதல் நாள் ஒரே ஓட்டத்தில் நிறுத்தி, பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம் மேல்சுற்றில் குறைகிறது என்று வரைபடத்தில் காட்டி, பம்ப்பை மாற்றிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அன்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவர் அப்படியே தொடர்ந்திருந்தால் இன்ஜின் அன்றே போயிருக்கும்.

ஓட்டுவதில் என்ன மாறியிருக்கிறது என்றால், சக்கரத்தில் அளந்த 92 குதிரைத்திறன் 127 ஆகியிருக்கிறது. ஆனால் எண்ணைவிட முக்கியமானது, 2,500 சுற்றிலேயே கிடைக்கும் இழுவை. முன்பு மேட்டில் மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டிய இடங்களில் இப்போது நான்காவதிலேயே, காத்திருக்க வைக்காமல், கால் அழுத்திய அளவுக்கு அப்படியே ஏறுகிறது. இதற்காகத்தான், வெளியேறும் புகையால் சுழன்று சற்றுத் தாமதமாக அழுத்தம் தரும் டர்போவை விட்டு இதைத் தேர்ந்தெடுத்தேன். ரோட்டர்களின் மெல்லிய ஊளை எனக்குப் பிடித்திருக்கிறது; நீண்ட பயணத்தில் உடன் வருபவர்களுக்குச் சலிப்பூட்டலாம்.

குறை என்றால் வெப்பம்தான். இந்த வகைச் சூப்பர்சார்ஜர் 0.4 பாரிலேயே காற்றை 50 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிவிடும். இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத என் காரில், வெயில் நாளில் நீண்ட மேடு ஏறியபோது மெனிஃபோல்டின் காற்று 85 பாகையைத் தொட்டதைப் பார்த்தேன். அந்த வெப்பத்தில் டைமிங்கைத் தானாகவே பின்தள்ளும்படி ஈசியூவில் அமைத்திருப்பதால் ஆபத்து இல்லை, ஆனால் பத்துக் குதிரைத்திறனாவது அப்போது காணாமல் போய்விடுகிறது. பந்தயத் தடத்தில் தொடர்ந்து ஓட்டுபவர்கள் இன்டர்கூலருக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடமும் வாகனப் பதிவு அலுவலகத்திடமும் முன்கூட்டியே தெரிவித்து அனுமதி பெறுவதும் செலவுக் கணக்கில் சேர வேண்டியது.

சென்ற வாரம், 11,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு, சூப்பர்சார்ஜரின் திருகாணியைத் திறந்து எண்ணெயைப் பார்த்தேன். நிறம் சற்று மங்கியிருந்தது, அளவு குறையவில்லை, உலோகத் துகள் எதுவும் விரலில் தட்டுப்படவில்லை. பெல்ட்டின் ஆறு வரிகளும் முழுமையாக இருந்தன. புது எண்ணெய் ஊற்றி மூடிவிட்டு, தாங்குதண்டின் இரண்டு போல்ட்டுகளையும் டார்க் ரென்ச்சால் சரிபார்த்தேன், இரண்டும் அசையவில்லை.