கிளட்ச் யார் காலில் இருக்கிறது என்று பாருங்கள்

கார் கற்றுக்கொள்ளப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். ஒரு டிரைவிங் ஸ்கூலில் எல்லா வகுப்புக்கும் போனேன், லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் கியர் வண்டி ஓட்ட அங்கே யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

கிளட்ச் என்றால் இன்ஜினைச் சக்கரத்தோடு சேர்க்கவும் பிரிக்கவும் உள்ள இடது கால் பெடல். பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். ஆபத்து என்றால் அவர் வண்டியை நிறுத்துவதற்காக வைத்தது. எங்கள் மாஸ்டர் அதை வைத்துக்கொண்டு கடைசி வகுப்பு வரை தானே ஓட்டினார். "நீங்க ஸ்டியரிங்கை மட்டும் பாருங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்பார். ஆரம்பத்தில் அப்படிச் சொன்னால் நியாயம் இருக்கிறது. கடைசி வரை அதையே சொன்னால்?

கிளட்ச் மேல் காலைச் சும்மா வைத்திருப்பேன். நான் அழுத்தாமலே பெடல் கீழே இறங்கும், கியர் விழுந்ததும் மெல்ல மேலே வரும். இரண்டு பக்கத்துப் பெடலும் ஒன்றோடொன்று இணைந்தவை, அங்கே மிதித்தால் இங்கேயும் இறங்கும். அது ஏன் என்று கேட்டபோது, "இந்த வண்டி கிளட்ச் ரொம்ப சாஃப்ட், அப்படித்தான் இருக்கும்" என்றார். பச்சைப் பொய். புதிதாக ஓட்டுகிறவர் கையில் வண்டி அடிக்கடி ஆஃப் ஆகத்தான் செய்யும். அங்கே எனக்கு ஒருமுறைகூட ஆகவில்லை. உங்களுக்கும் அப்படி என்றால் சந்தேகப்படுங்கள்.

வீட்டு வண்டியை எடுத்த அன்றைக்கு, ஏற்றத்தில் ஒரு சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்ததும் கிளட்சை விட்டேன், வண்டி குலுங்கி ஆஃப் ஆனது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மறுபடி ஆஃப். அடுத்த முறை பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் உருண்டது. பின்னால் ஒரு பைக், அதில் ஒரு குழந்தை. பக்கத்தில் இருந்த அண்ணன் ஹேண்ட்பிரேக்கை இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அப்புறம் அண்ணன்தான் காலியான சமதளத்துக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தார். ஆக்சிலரேட்டரையே தொடக்கூடாது, முதல் கியரில் கிளட்சை மட்டும் மயிரிழை மயிரிழையாக விட வேண்டும். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கும், வண்டி லேசாக அதிரும். கிளட்ச் பிளேட் பிடிக்க ஆரம்பிப்பது அங்கேதான். காலை அங்கேயே நிறுத்தினால் வண்டி தானாக நகரும். வண்டிக்கு வண்டி அந்த இடம் மாறும், கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுக்கொண்டு அதே இடத்துக்குக் கிளட்சைக் கொண்டுவந்து, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, வண்டியின் முன்பக்கம் இலேசாக எழும்பியதும் ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும். பின்னால் உருளாது. இதை அந்த ஸ்கூலில் கேட்டதற்கு, "அதெல்லாம் ஓட்ட ஓட்ட வந்துடும்" என்று முடித்துவிட்டார்கள்.

சொல்லித்தந்த கொஞ்சமும் தப்பு. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சமாம். எரிபொருளைக் கம்ப்யூட்டர் அளந்து விடும் இன்றைய இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் கியரிலேயே இறங்கினால், ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது எரிபொருள் போவது பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க எண்ணெய் தேவை. அதைவிட முக்கியம், நியூட்ரலில் இன்ஜின் வண்டியைப் பிடித்து வைக்காது. நீண்ட இறக்கத்தில் முழு பாரமும் பிரேக் மேல் விழுந்து, சூடேறி, பிடிப்புக் குறைந்துவிடும். உயிர் போகிற விஷயத்தை எண்ணெய்க் கணக்காகச் சொல்லித்தருகிறார்கள்.

திரும்பப் போய்க் கேட்டேன். "லைசென்ஸ் வந்தாச்சு இல்ல, அப்புறம் என்ன?" என்றார்கள். வேண்டுமானால் தனியாகப் பணம் கட்டி வகுப்பு எடுத்துக்கொள்ளலாமாம்.

சேருவதற்கு முன், ஏற்றத்தில் எடுப்பதும் ரிவர்ஸும் எந்த வகுப்பில் வரும் என்று கேளுங்கள். ஒரே வண்டியில் எத்தனை பேரை ஏற்றுவார்கள் என்றும் கேளுங்கள், பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரமும் உங்கள் வகுப்புக் கணக்கில்தான் போகும். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்கள் என்றால், அடுத்த வகுப்பில் ஆளில்லாத இடமாகப் பார்த்து, மாஸ்டரைக் கிளட்சிலிருந்து காலை எடுக்கச் சொல்லுங்கள். பிரேக் மேல் இருக்கட்டும், அது பாதுகாப்பு. வண்டி ஆஃப் ஆனால் ஆகட்டும். கிளட்சை விடவே மாட்டேன் என்றால் மீதி வகுப்புக்கான பணத்தை அன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.