நெருக்கடி நேரத்தில் நிர்வாகிக் கணக்கு: டர்பனுக்கு எந்த முறை தாங்கும்?

2021 ஜூலையில் கலவரம், அது ஓய்ந்த சில நாட்களிலேயே துறைமுகங்களையும் ரயில்பாதைகளையும் நடத்தும் அரசு நிறுவனமான ட்ரான்ஸ்நெட் மீது இணையத் தாக்குதல், அடுத்த ஏப்ரலில் பெருவெள்ளம். இவ்வளவையும் கண்ட தென்னாப்பிரிக்காவின் டர்பனில், முக்கியமான சர்வர்களின் முழு அதிகாரத்தை நெருக்கடியில் யார், எப்படி எடுப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காமல் இருப்பது பொறுப்பின்மை. நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன.

முறைப்பணியில் உள்ள அனைவருக்கும் எப்போதும் முழு அதிகாரம் கொடுத்துவிடுவது முதல் வழி. வேகமானதுதான். ஆனால் ஒருவருடைய கடவுச்சொல் களவுபோனால் எல்லாமே போயிற்று. 2024 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வகச் சேவையைத் தாக்கியவர்கள் காப்புப்படிகளையும் அழித்தார்கள். அவசரப் பரிசோதனை முடிவுகளை மருத்துவர்களுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியிருந்தது. அழிக்கும் அதிகாரம் தவறான கைக்குப் போனால் விளைவு இதுதான். இந்த வழியை நான் ஏற்கவே மாட்டேன்.

இரண்டாவது, தேவைப்படும்போது கேட்டுப் பெறுவது. காரணத்தை எழுதி விண்ணப்பித்தால் இன்னொருவர் ஒப்புதல் தருவார், ஓரிரு மணி நேரத்தில் உரிமை தானாகக் காலாவதியாகும், எல்லாம் பதிவாகும். சாதாரண நாட்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. சிக்கல் என்னவென்றால், ஒப்புதல் தரும் அமைப்புக்கே மின்சாரமும் வலையமைப்பும் வேண்டும். ஆறாம் கட்ட மின்வெட்டு (ஒரே நாளில் பல மணி நேரம் மின்சாரம் நிற்கும்) நாட்களில் கைபேசிக் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால் ஒருமுறைக் கடவுஎண் (OTP) வந்து சேராது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் முடங்கியபோது, பழுதுபார்க்கும் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் அதன் பொறியாளர்களே திண்டாடினார்கள். 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையால் விண்டோஸ் கணினிகள் விழுந்தபோது, சில நிறுவனங்களில் பூட்டிய வட்டுகளைத் திறக்கும் மீட்புச் சாவிகள் விழுந்த சர்வர்களுக்குள்ளேயே இருந்தன.

மூன்றாவது, முத்திரையிட்ட உறை. யாருடைய கைபேசியோடும் இணைக்கப்படாத தனி அவசரக் கணக்கு. கடவுச்சொல்லின் முற்பாதி ஓர் உறையில் ஒருவரிடம், பிற்பாதி மற்றோர் உறையில் இன்னொருவரிடம். அந்தக் கணக்கில் யாராவது நுழைந்தால் உடனே எச்சரிக்கை பறக்க வேண்டும். வேலை முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். பழைய பாணி என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை, ஏனென்றால் விழுந்து கிடக்கும் எதையும் இது நம்பியிருப்பதில்லை.

ஆனால் உறைகளை எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். ஒரு பாதி டர்பனிலும் மறுபாதி பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலும் இருந்தால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் கலவர நாட்களில் லாரிகள் எரிக்கப்பட்டு, இவ்விரு ஊர்களையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையின் பகுதிகள் மூடப்பட்டதை மறந்துவிடக் கூடாது. ஒரு முழுத் தொகுப்பாவது ஒரே ஊருக்குள், வெள்ளம் ஏறாத மாடியில் இருக்கட்டும். வைத்திருக்கும் இருவரும் நம்மவர்களாக இருந்தால் தைப்பூசக் காவடிக்கு ஒரே நாளில் விடுப்பு எடுப்பார்கள். மூன்றாவதாக ஒருவரை நியமியுங்கள்.

மருத்துவமனைப் பதிவேடுகளுக்கு இது பொருந்தாது. மயங்கிக் கிடப்பவரின் ஒவ்வாமை விவரத்துக்காக மருத்துவர் உறை தேடி ஓட முடியாது. அங்கே காரணத்தைக் குறித்துவிட்டு உடனே திறக்க விட்டு, மறுநாளே ஒவ்வொரு திறப்பையும் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்க ஆள் இல்லையென்றால், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் காப்பு வெறும் காகிதத்தில்தான் இருக்கும்.

சிறிய நிறுவனம், ஒன்றுக்குத்தான் பணம் என்றால் உறையில் தொடங்குங்கள். இரண்டு உறை, ஒரு பெட்டகம், ஆண்டுக்கு இருமுறை திறந்து பார்க்கும் ஒத்திகை, செலவு அவ்வளவுதான்.