ஓலெட் ஸ்விட்ச்: டிவியை விட்டுக் கைக்கு வந்த கன்சோல்

2021 மார்ச்சில் புளூம்பெர்க் ஒரு செய்தி வெளியிட்டது. கையில் வைத்தும் டிவியோடு இணைத்தும் ஆடக்கூடிய தன் ஸ்விட்ச் கேம் கன்சோலில் நின்டெண்டோ புது மாடல் தயாரிக்கிறது, சாம்சங் ஓலெட் திரை, டிவியில் போட்டால் 4கே துல்லியம் என்று. ரசிகர்கள் அதற்கு 'ஸ்விட்ச் ப்ரோ' என்று பெயரே சூட்டிவிட்டார்கள். ஜூலை 6 அன்று அறிவிப்பு வந்தபோது திரை மட்டும்தான் வந்தது, 4கே வரவில்லை. 2017-இல் வந்த முதல் ஸ்விட்சில் இருந்த அதே டெக்ரா எக்ஸ்1 சிப் குடும்பம், அதே 4 ஜிபி ரேம், கையில் அதே 720பி, டிவியில் அதே 1080பி. விலை மட்டும் 50 டாலர் கூடி 349.99 ஆனது. இணையம் முழுக்க ஒரே சலிப்பு.

கன்சோலை டிவிக்குக் கீழே வைத்துவிட்டு எடுக்கவே எடுக்காதவர்களைப் பொறுத்தவரை அந்தச் சலிப்பு இன்றைக்கும் நியாயமானதுதான். அவர்களுக்கு இந்த மாடலில் கிடைத்தது, கன்சோலை டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கின் பின்னால் இணையக் கேபிளுக்கு ஒரு லேன் போர்ட்டும் கொஞ்சம் கூடுதல் சேமிப்பும், அவ்வளவே. ஆனால் எங்கள் வீட்டு ஹாலில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டிவி என் வசம் இருக்காது. சீரியல், அது முடிந்தால் கிரிக்கெட். அதனால் முதல் மாடலையே நான் பெரும்பாலும் கையில் வைத்துத்தான் ஆடிக்கொண்டிருந்தேன். அப்படி ஆடுபவனுக்கு இந்த மறுவடிவமைப்பு வேறு கணக்கு.

முதல் ஸ்விட்சின் திரை 6.2 அங்குல எல்சிடி. அதைச் சுற்றிலும் தடித்த கறுப்புச் சட்டம். ஓலெட் மாடலில் 7 அங்குலம். உடம்போ முன்பைவிட 3 மில்லிமீட்டர்தான் நீளம், சட்டத்தைக் குறைத்து அந்த இடத்தைத் திரைக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிக்சல் எண்ணிக்கை மாறாமல் திரை மட்டும் பெரிதானதால் அங்குலத்துக்கு 237 பிக்சல் இருந்தது 210 ஆகக் குறைந்துவிட்டது. கணக்குப்படி பார்த்தால் படம் மங்க வேண்டும். கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை, காரணம் கறுப்பு. எல்சிடியில் பின்விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் கறுப்பு என்பது எப்போதுமே ஒரு சாம்பல்தான். ஓலெட்டில் அந்தப் பிக்சலே அணைந்துவிடும். ஓலெட் மாடலோடு ஒரே நாளில், 2021 அக்டோபர் 8 அன்று, மெட்ராய்டு டிரெட் வந்தது. இருட்டுச் சுரங்கங்களும் அதில் மின்னும் விளக்குகளுமாக இருக்கும் ஆட்டம். இதைப் பழைய திரையிலும் புதுத் திரையிலும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விளக்கமே தேவைப்படாது. ஹாலோ நைட் போன்ற இருண்ட ஆட்டங்களுக்கும் இதே கதைதான். பளிச்சென்ற மரியோ கார்ட்டில் வித்தியாசம் குறைவு. 'விவிட்' என்ற வண்ண அமைப்பு தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். மரியோவுக்கு அது சரி, செல்டாவின் புல்வெளி அதில் கொஞ்சம் பிளாஸ்டிக் புல்லாகத் தெரிந்ததால் நான் 'ஸ்டாண்டர்டு'க்கு மாற்றிவிட்டேன்.

திரைமேல் மெல்லிய படலம் ஒன்று ஒட்டியே வரும். புதுப் பொருள் வாங்கியதும் பிளாஸ்டிக் உறையை உரிக்கும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. இதை உரிக்கக் கூடாது. பழைய மாடலின் திரை பிளாஸ்டிக், இதில் கண்ணாடி. உடைந்தால் சில்லுகள் தெறிக்காமல் இருப்பதற்காக ஒட்டிய படலம் அது. நின்டெண்டோவே உரிக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. வேண்டுமானால் அதன்மேல் இன்னொரு டெம்பர்டு கிளாஸ் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடியால் ஒரு தொந்தரவும் உண்டு. பகலில் மொட்டை மாடியில் உட்கார்ந்தால் ஆட்டத்தைவிட நம் முகம்தான் நன்றாகத் தெரியும்.

எல்லோரும் கேட்கும் கேள்வி திரையில் தழும்பு விழுமா என்பது. ஆட்டத்தின் உயிர்ப்பட்டியும் வரைபடமும் ஒரே மூலையில் மணிக்கணக்கில் நிற்பதால் அந்தப் பயம் வருகிறது. என் திரையில் வெறும் சாம்பல் நிறப் படத்தை வைத்து அவ்வப்போது சோதித்துப் பார்க்கிறேன், இதுவரை எதுவும் இல்லை. யூடியூபர் ஒருவர் வேண்டுமென்றே ஒரே காட்சியை அணைக்காமல் ஓடவிட்டு, 3,600 மணி நேரத்துக்குப் பிறகே லேசான நிழல் தெரிவதாகக் காட்டினார். நாம் யாரும் அப்படி ஆடப்போவதில்லை. திரை தானாக அணையும் அமைப்பை மட்டும் முடக்காமல் விட்டால் போதும்.

அடுத்து ஸ்டாண்டு. திரையைவிட எனக்கு இதுதான் பெரிய மாற்றம் என்று சில நாள் தோன்றும். முதல் மாடலில் பின்பக்கம் ஓர் ஓரத்தில் விரலளவு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். ஒரே கோணத்தில்தான் நிற்கும். மேசையை யாராவது தட்டினால் கன்சோல் குப்புற விழும். புது மாடலில் முதுகின் முழு அகலத்துக்கும் ஸ்டாண்டு, இரண்டு கீல்கள், எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். ரயிலில் சைடு லோயர் இருக்கையில் அந்தக் குட்டிப் பலகைமேல் நிறுத்தி, இருபுறமும் உள்ள ஜாய்-கான் கன்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு நானும் என் தங்கை மகனும் ஆடியிருக்கிறோம். பழையதில் அது நடக்கிற காரியமே இல்லை. அத்தனை யோசித்தவர்கள் சார்ஜ் போடும் துளையை மட்டும் அடியிலேயே விட்டுவிட்டார்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது சார்ஜ் ஏற்ற வழியில்லை. 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இல்தான் மேல்பக்கம் இரண்டாவது யூஎஸ்பி-சி வைத்தார்கள்.

உள் சேமிப்பு 32 ஜிபியிலிருந்து 64 ஆனது. விட்சர் 3 கார்ட்ரிட்ஜ் மட்டுமே 32 ஜிபி என்றால் இது எம்மாத்திரம்? மெமரி கார்டு வாங்கத்தான் வேண்டும். ஸ்பீக்கர் முன்பைவிடக் கணீரென்று இருக்கிறது. எடை ஜாய்-கானோடு சேர்த்து 420 கிராம், பழையது 398. படுத்துக்கொண்டு ஆடினால் அந்த 22 கிராம் மணிக்கட்டில் தெரியும். பேட்டரி அதே 4310 எம்ஏஎச். நின்டெண்டோ கணக்கில் 4.5 முதல் 9 மணி நேரம்.

வெயில் பற்றிச் சொல்ல வேண்டும். கன்சோலை 5 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது கையேடு. நின்டெண்டோவின் தலைமையகமான கியோட்டோவில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு அக்னி நட்சத்திரம் தெரியாது. சென்னையில் மே மாதம் வெளியே 40-ஐத் தாண்டும், ஏசி இல்லாத அறை சுலபமாக 35-ஐத் தொடும். டாக்கில் போட்டால் கிராபிக்ஸ் பகுதி 768 மெகாஹெர்ட்ஸில் ஓடும், கையில் வைத்தால் பெரும்பாலும் அதில் பாதிதான், சூடும் குறைவு. அதனால் கோடையில் டாக் பக்கமே போவதில்லை. கையில் வைத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் கன்சோலின் விசிறிச் சத்தம்கூடக் கேட்பதில்லை. மெத்தைமேல் வைக்காதீர்கள், பின்பக்கக் காற்றுத் துளை அடைபடும். கரண்ட் போன ராத்திரிகளில் வீட்டில் பொழுதுபோக்கு இருப்பது எனக்கு மட்டும்தான்.

நான் வாங்கிய காலத்தில் நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. கடைகளில் இருந்ததெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, இங்கே வாரன்டி கிடைக்கவில்லை. என்னுடையது அமெரிக்காவிலிருந்து சித்தப்பா மகன் கொண்டுவந்தது. அதன் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், ஆகவே மின்மாற்றி எதுவும் வேண்டாம், அமெரிக்க பிளக்கின் தட்டைக் கால்களுக்கு ஒரு மாற்று பிளக் போதும். டாக்குக்கு 15 வோல்ட் தேவை என்பதால் சாதாரண போன் சார்ஜரைச் செருகினால் டிவியில் படம் வராது. நண்பர்கள் பலர் 'டாக் போச்சு' என்று பதறுவது இதற்காகத்தான்.

மாற்றாமல் விட்டதில் மன்னிக்க முடியாதது ஜாய்-கான். கட்டைவிரல் வைக்காமலேயே பாத்திரம் தானாக நகரும் டிரிஃப்ட் பிரச்சினை 2021-க்குள் ஊரறிந்தது. 2020-இல் நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா முதலீட்டாளர் கூட்டத்திலேயே வருத்தம் தெரிவித்திருந்தார். ஓலெட் வந்தபோது தொழில்நுட்பப் பிரிவின் கோ ஷியோட்டா கொடுத்த விளக்கம், உராயும் பொருள் தேயத்தான் செய்யும், கார் டயர் தேய்வதில்லையா என்ற ரகம். சரிதான், ஆனால் டயரைக் கடையில் மாற்ற முடியும் என்று தெரிந்துதான் கார் வாங்குகிறோம். நல்லவேளை, இதற்கும் வழி உண்டு. உராய்வே இல்லாமல் காந்தப்புலத்தை வைத்து இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்குகளை குலிகிட் போன்றவர்கள் விற்கிறார்கள். தேய்வதற்கு முன்பே சென்னை ரிச்சி தெருவில் கொடுத்து இரண்டையும் மாற்றிக்கொண்டேன். ஒய் வடிவ ஸ்க்ரூடிரைவர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம், உள்ளே இருக்கும் ரிப்பன் கேபிளை இழுத்துவிடாத பொறுமை இருந்தால்.

ஸ்விட்ச் 2-ஐ நண்பன் வீட்டில் நிறைய ஆடிப் பார்த்துவிட்டேன். 7.9 அங்குலம், 1080பி, 120 ஹெர்ட்ஸ், வேகத்தில் ஓலெட் மாடல் அதன் பக்கத்திலேயே நிற்க முடியாது. ஆனால் திரை மறுபடி எல்சிடி. 720பிக்காகச் செய்த பழைய ஆட்டங்களைக் கையில் வைத்து ஓட்டினால் விளிம்புகள் சற்றே குழைகின்றன. ஓலெட் மாடலிலோ ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல், அப்படியே பொருந்துகிறது. என் அலமாரியில் இருப்பதெல்லாம் பழைய ஆட்டங்கள்தான், அதனால் எனக்கு அவசரம் இல்லை. இன்று புதிதாக வாங்குபவரைப் புது விலை கொடுத்து ஓலெட்டை வாங்கச் சொல்லமாட்டேன்.

ஒருவர் பயன்படுத்திய ஓலெட் மாடலை வாங்குவதானால் ஏராளமாகக் கிடைக்கிறது. கடையிலேயே திரையில் சாம்பல் படத்தைப் போட்டுப் பாருங்கள். ஸ்டாண்டைப் பாதியில் விட்டு நிற்கிறதா என்று பாருங்கள். ஜாய்-கானைக் கன்சோலின் பக்கவாட்டுத் தண்டவாளத்தில் செருகி ஆட்டிப் பாருங்கள். லேன் கேபிள் செருகும் துளை இருக்கிறதா என்று டாக்கின் பின்மூடியைத் திறந்து பாருங்கள். பழைய டாக்கும் இதற்குப் பொருந்தும் என்பதால் விற்பவர்கள் சிலர் அதை மாற்றி வைத்துவிடுகிறார்கள்.