ஸ்கேனரா, மல்டிமீற்றரா? காலையில் அணைந்துபோகும் பழைய கொறோலா

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வாசலில் நிற்கும் 1993 டொயோட்டா கொறோலா கார், காலையில் ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று தடவை அணைந்துவிடும். ஐந்து நிமிடம் ஆக்சிலேற்றரை மிதித்துச் சூடாக்கிவிட்டால் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை.

முதலில் கராஜில், எஞ்சின் கணினி பதிந்துவைத்த கோளாறைப் படிக்கும் ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். அப்புறம் மின்தடையை அளக்கும் மல்டிமீற்றரால் நானே அளந்தேன். கைகொடுத்தது மல்டிமீற்றர்தான்.

புதிய வண்டிக்கு ஸ்கேனர் வசதி, அதில் பேச்சில்லை. இந்தக் காரில் அதைச் செருக இடமே இல்லை. பொனற்றுக்குள் இருக்கும் சின்னப் பெட்டியில் டிஇ1, இ1 முனைகளைக் கம்பியால் இணைத்து, செக் எஞ்சின் விளக்கு மின்னுவதை எண்ண வேண்டும். எண்ணினார்கள், கோளாறு பதிவாகவில்லை. உடனே பிளக்கை மாற்றுவோம், ஐடில் வால்வை மாற்றுவோம் என்றார்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான்: எஞ்சின் தண்ணீரின் சூட்டை அளந்து கணினிக்குச் சொல்லும் சென்சரின் கம்பி அறுந்தாலோ ஷோட் ஆனாலோதான் 22 என்ற கோளாறுக் குறியீடு வரும். சென்சர் பிழையான சூட்டைச் சொன்னால் கணினி அதை அப்படியே நம்பிவிடும். டாஷ்போர்ட் முள் சரியாக நிற்பதைப் பார்த்தும் ஏமாறக்கூடாது, அது வேறொரு ஒற்றைக்கம்பி சென்சரில் ஓடுகிறது.

இரவெல்லாம் நின்ற வண்டியில், காலை ஆறு மணிக்கு, கணினிக்குரிய இரட்டைக்கம்பி சென்சரின் இணைப்பைக் கழற்றி இரண்டு முனைகளிலும் மீற்றரை வைத்தேன். இந்தச் சென்சர் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 40 பாகையில் 0.9 முதல் 1.3, 80 பாகையில் 0.2 முதல் 0.4 காட்ட வேண்டும். கொழும்பின் காலைச் சூட்டுக்கு 2 கிலோ ஓமுக்குக் கிட்ட வரவேண்டும். எனக்கு வந்தது 480 ஓம். அதாவது எஞ்சின் 60 பாகைச் சூட்டில் இருக்கிறதென்று நினைத்து, குளிர்ந்த எஞ்சினுக்குத் தேவையான கூடுதல் பெற்றோலைக் கணினி கொடுக்கவே இல்லை.

பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்கும் மீற்றரோடுதான் போனேன். பழைய சென்சர்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் பொத்திப் பிடித்து அளந்தேன். ஒன்றில் எண் மெல்ல மெல்ல இறங்கியது, அதை வாங்கினேன். மாற்றியபிறகு ஒரு காலைகூட அணையவில்லை.

நான் கை வைத்தது பழைய டொயோட்டாக்களில் மட்டும்தான். காலையில் நெடுநேரம் சுற்றியும் எஞ்சின் பற்றாவிட்டால் பெற்றோல் அழுத்தத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கு இந்த மீற்றர் உதவாது. எஞ்சின் சூடேறவே தாமதமானால் சென்சரைத் தொடுமுன், எஞ்சின் சூடேறும்வரை ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தேர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே வெக்கைக்குப் பயந்து அதைக் கழற்றிவிட்ட வண்டிகள் நிறைய ஓடுகின்றன.