மின்ட்டும் அந்த வைஃபை கார்டும்: ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு பாவனை அனுபவம்

பண்டாரவளையில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் போன் எடுத்தார். "சேர், நீங்க வச்சிருக்கிற அதே மொடல் லெப்டொப் இங்க செக்கன்ஹேண்டுல வந்திருக்கு. விலையும் எறங்கிருச்சி. வாங்கி லினக்ஸ் மின்ட் போடலாமா?"

போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். ரேம் எவ்வளவு, ப்ரொசெசர் என்ன என்பதெல்லாம் அவருக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் வைஃபை பற்றித்தான். இத்தனை வருடத்தில் என் பொறுமையைச் சோதித்தது அது ஒன்றுதான்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான மின்ட்டைப் பற்றி முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 இல் பள்ளிக்கூடங்கள் மூடி, பிள்ளைகள் சிக்னல் தேடித் தேயிலை மலைக்கு மேலே ஏறி நின்ற காலத்தில்தான் மின்ட் 20 போட்டேன். விண்டோஸில் மூச்சு வாங்கிக் கிடந்த மெஷின் அன்றைக்கு எழுந்து நடந்தது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாள்கள், அதை எடுத்துப் போட்டதும் லிப்ரே ஒஃபிஸில் திறந்தன. எல்லாவற்றையும் விடப் பெரிய நிம்மதி பென் டிரைவ். பள்ளிக்கூடத்துக்கும் கொமியூனிகேஷன் கடைக்கும் போய் வருகிற பென்னில் ஷோட்கட் வைரஸ் இல்லாமல் இருக்காது. ஃபோல்டர்கள் எல்லாம் ஷோட்கட்டாக மாறி, பிள்ளைகளின் புள்ளிப் பட்டியல் எங்கே என்று ஸ்டாஃப் ரூமே தேடும். மின்ட்டில் அதே பென்னைச் செருகினால் மறைந்து கிடந்த ஃபோல்டரும் தெரியும், வைரஸ் ஃபைலும் தெரியும். அழித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

இனி வைஃபை.

கார்டைச் செய்தவர்கள் பெயர் வேண்டாம். மலிவு லெப்டொப்புகளில் போட்டு விடுகிற ஒற்றை அன்டெனாக் கார்டு. மின்ட் 20 வந்தது 2020 ஜூனில், 5.4 கேர்னலோடு (கேர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி). இந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் கேர்னலுக்குள் சேர்ந்ததோ அதே வருடம் ஒக்டோபரில் வந்த 5.9 இல். ஆகவே இன்ஸ்டோல் முடிந்து திரை வந்தபோது வைஃபை அடையாளமே இல்லை. 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் ஒன்றும் தேவையில்லை என்கிறது. டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை 'என்என்கே' சேர்த்துக் கொடுத்தால் (lspci -nnk) கார்டின் பெயரும் எண்ணும் வருகின்றன. அதன் கீழே எந்த டிரைவர் ஓடுகிறது என்று சொல்ல வேண்டிய வரி மட்டும் இல்லை. நண்பரே, வைஃபை வேலை செய்யாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான். வரி இருந்தால் செட்டிங்ஸ் பக்கம் போகலாம். இல்லாவிட்டால் டிரைவரே இல்லை, மற்ற எதைத் தட்டியும் பயனில்லை.

டிரைவர், மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்தில் இருந்தது. அதை இறக்க இன்டர்நெட் வேண்டும். கொழும்பில் என்றால் ரவுட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்துச் செருகிவிடுவார்கள். எங்கள் குவாட்டர்ஸில் சிக்னல் பிடிப்பது ஃபெக்டரிப் பக்கம் பார்த்த ஜன்னல் கட்டை ஒன்றில்தான். போனை அங்கே வைத்து, யூஎஸ்பி கேபிளால் லெப்டொப்பில் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங் போட்டால் மின்ட் அதை வயர் இணைப்பாக உடனே எடுத்துக்கொள்ளும். அதற்குத் தனியாக எந்த டிரைவரும் போட வேண்டாம். இந்த வழி தெரியாமல் மின்ட்டையே கழற்றி எறிந்த ஆட்களை எனக்குத் தெரியும். நீளமான டேட்டா கேபிள் ஒன்று ஹட்டன் பஜாரில் வாங்கி வைத்தேன். சார்ஜ் மட்டும் ஏறுகிற கேபிள் இதற்கு உதவாது.

டிரைவர் இறங்கியது, மூலநிரலிலிருந்து கட்டி (கொம்பைல்) முடிந்தது, ஆனால் ஏறவில்லை. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு, டிஜிட்டல் கையொப்பம் இல்லாத மொட்யூலை, அதாவது இப்படிக் கட்டிய டிரைவரை, உள்ளே விடாது. டிரைவரை இன்ஸ்டோல் செய்யும்போது ஒரு கடவுச்சொல் கேட்பார்கள், அதை நினைவில் வையுங்கள். மெஷினை ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று வந்து பத்தில் இருந்து எண்ணத் தொடங்கும். எண்ணி முடிவதற்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல் எம்ஓகே' (Enroll MOK) என்பதைத் தெரிவு செய்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்து விநாடியில் தேத்தண்ணி எடுக்கப் போனால் மறுபடி முதலில் இருந்து.

சரி, வைஃபை வந்தது. இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. கேர்னலுக்கு வெளியே இருக்கிற டிரைவர் ஒவ்வொரு கேர்னல் அப்டேட்டுக்கும் புதிதாகக் கட்டப்பட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதைத் தானாகச் செய்யும். கேர்னலுக்குள் ஏதாவது மாறி, டிரைவரின் மூலநிரல் மட்டும் பழையதாக இருந்தால் கட்டுவது பாதியில் நிற்கும். மறுநாள் காலையில் வைஃபை இல்லை. தவணைப் பரீட்சைத் தாளை அனுப்ப வேண்டிய நாளிலும் அப்படி நின்றிருக்கிறது. அப்போதைக்குத் தப்ப ஒரு வழி உண்டு: மெஷின் ஏறும்போது கிரப் என்ற தொடக்க மெனுவை வரவழைத்து, 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' போய்ப் பழைய கேர்னலைத் தெரிவு செய்தால் வைஃபை திரும்பி வரும். வேலையை முடிக்கலாம், கோபம் தீராது.

இந்த இடத்தில் ஒரு மனிதரைச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவனாவேன். லாரி ஃபிங்கர். புதிய கேர்னலில் இருந்த டிரைவரைப் பழைய கேர்னலிலும் கட்டிக்கொள்ளக்கூடியபடி, மூலநிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்துப் பராமரித்தவர் அவர். எத்தனையோ வருடமாக மலிவு வயர்லெஸ் சிப்புகளின் லினக்ஸ் டிரைவர்களோடு மல்லுக்கட்டியவர். கம்பெனிகள் பாதியில் விட்டுவிட்டுப் போன வேலையை, யாரென்றே தெரியாதவர்கள் வந்து கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டு செய்தார். 2024 ஜூனில் தனது 84 ஆவது வயதில் காலமானார். நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்பில் என் குரலைக் கேட்டதில் அவருக்கும் பங்குண்டு.

2022 இல் மின்ட் 21 வந்தது, 5.15 கேர்னலோடு. டிரைவர் இப்போது உள்ளேயே இருக்கிறது, கட்ட வேண்டியதில்லை. போட்டதும் வைஃபை வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகுதான் புதுத் தொல்லை: இணைந்திருப்பதாக அடையாளம் காட்டும், பக்கம் எதுவும் திறக்காது. கேர்னலின் குறிப்புகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' (dmesg) கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், மின்சேமிப்பு நிலையை விட்டு கார்டுக்குள் ஓடும் ஃபெர்ம்வெயர் வெளியே வரவில்லை என்று ஒரே வரி திரை நிறைய. கார்டு தூங்கப் போகிறது, எழுப்பினால் எழும்புவதில்லை. டிரைவர்களுக்கான அமைப்புகள் இருக்கும் 'மொட்ப்ரோப்.டி' (modprobe.d) ஃபோல்டரில் ஒரு ஃபைல் எழுதி, ஆழ்ந்த மின்சேமிப்பையும் ஏஎஸ்பிஎம் (ASPM) என்ற இன்னொரு மின்சேமிப்பையும் நிறுத்த வேண்டும். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் வைஃபை பவர்சேவ் ஃபைலில் 3 என்று இருப்பதை 2 ஆக மாற்ற வேண்டும். பெருமளவு அடங்கியது. பற்றரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கியது. மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய அந்த வருடத்தில் அதுவும் சின்ன விஷயம் இல்லை.

கடைசியில் கார்டையே மாற்றினேன். மச்சான் கொழும்பு யூனிட்டி பிளாசாவில் இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபை கார்டு ஒன்று வாங்கி அனுப்பினார். வாங்குகிறவர்கள் கவனியுங்கள்: ஏஎக்ஸ்201 என்றும் ஒன்று விற்பார்கள், அது அதற்கென அமைந்த இன்டெல் ப்ரொசெசர்களில் மட்டும்தான் ஓடும். சில மெஷின்களில், மெஷினைத் தொடக்கி வைக்கும் பயோஸ் வேறு கார்டை ஏற்கவும் செய்யாது. கீழ்மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு கறுப்பு அன்டெனா வயர். புதுக் கார்டில் வயர் கொழுவ இரண்டு இடம். இரண்டாவது வயருக்கான செலவை லெப்டொப் செய்தவர்கள் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஒன்றைக் கொழுவி, மூடியைப் பூட்டி, மெஷினைப் போட்டேன். மின்ட் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வைஃபை அப்படியே வந்தது. அதன் பிறகு எத்தனையோ கேர்னல் அப்டேட் போய்விட்டது, ஒரு நாளும் நிற்கவில்லை. பின்னறைக்குப் போனால் மட்டும் சிக்னல் மெலிகிறது. அந்த ஒற்றை வயரை என்னால் மாற்ற முடியாது.

ஆக, நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். மின்ட்டுக்காக எந்த மேடையிலும் ஏறிப் பேசுவேன், என் பள்ளிக்கூடத்து மெஷின்களுக்கும் அதைத்தான் போட்டேன். ஆனால் அந்த லெப்டொப்பை, அந்தக் கார்டோடு, எவ்வளவு விலை இறங்கினாலும் வாங்க வேண்டாம். இப்போது என்னிடம் ஒழுங்காக ஓடுகிறதே என்று கேட்பீர்கள். ஓடுகிறது. இருந்தாலும் வேண்டாம்.

வேறு மெஷின் பார்க்கப் போகும்போது மின்ட் ஏற்றிய பென் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். இன்ஸ்டோல் செய்யாமல் பென்னிலிருந்தே ஏற்றி, கடைக்காரரின் வைஃபையிலோ உங்கள் போன் ஹொட்ஸ்பொட்டிலோ இணைத்து, ஒரு வீடியோவை அரை மணித்தியாலம் ஓட விட்டுப் பாருங்கள். லெப்டொப்பை ஒரு தடவை ஸ்லீப்பில் போட்டு எழுப்பியும் பாருங்கள். கடைக்காரர் அதற்கு விட மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.