காதால் படிக்கும் லவுட்னெஸ் மீட்டர்

எனக்குப் பார்வை இல்லை; பாடல்களுக்கு மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் கடைசி ஒலிச் சீரமைப்பு, செய்கிறேன். போன வருடம் காசு கொடுத்து வாங்கிய ஒரு லவுட்னெஸ் (ஒலியின் உரப்பு) மீட்டர் பிளக்இன்னைத் திறந்தால், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ அதன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். எண்கள் எல்லாம் வெறும் படம்.

இப்போது எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி-ஒளி மென்பொருளின் இபியு ஆர்128 ஃபில்டர்தான் (ஐரோப்பிய ஒளிபரப்பு லவுட்னெஸ் தரநிலைப்படி அளப்பது) என் மீட்டர். இலவசம். கமாண்ட் லைனில் ஒரு வரி தட்டினால், கடைசியில் இன்டக்ரேட்டட் லவுட்னெஸ் (முழுப் பாட்டின் சராசரி உரப்பு), ரேஞ்ச் (உரப்பு ஏறி இறங்கும் வீச்சு) இரண்டும் எழுத்தாகவே வருகின்றன. பீக்=ட்ரூ (peak=true) சேர்த்தால் ட்ரூ பீக், அதாவது ஒலி அலையின் உண்மையான உச்ச அளவும் வரும். "-14.2 எல்யூஎஃப்எஸ்" (லவுட்னெஸ்ஸின் அலகு) என்று பிரெய்லியில் விரலால் தடவிப் படித்தபோது அவ்வளவு நிம்மதி! ஒளிபரப்புக்கு -23 எல்யூஎஃப்எஸ் கேட்டால், இனி யாரையும் கூப்பிட்டுத் திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டாம்.

ஒரு விஷயம்: 100 மில்லிசெகண்டுக்கு ஒரு வரி கொட்டும், ஸ்கிரீன் ரீடர் திணறிவிடும். அதை நிறுத்த ஃபிரேம்லாக்=கொயட் (framelog=quiet) கட்டாயம் சேருங்கள்.

குறை என்றால், பாட்டு ஓடும்போதே மிக்ஸை மாற்றி மாற்றி அளக்க முடியாது. அதற்கு ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளும், அதை ஸ்கிரீன் ரீடரோடு பயன்படுத்த உதவும் ஓசாரா என்ற துணை நிரலும் வைத்திருக்கிறேன். ஓசாராவின் பீக் வாட்சர் அளவு எல்லை தாண்டினால் குரலில் சொல்லிவிடும். அப்புறம், அந்தப் பழைய பிளக்இன்னை அழித்துவிட்டேன்.